ஹாரி பாட்டர்: கடைசிப் பக்கத்துச் சாண்ட்விச் பற்றி ஒரு சந்தேகம்

#1 – சாய்வு நாற்காலி

என் மகளுக்குப் பத்து வயது. சில மாதங்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு ஹாரி பாட்டர் வாசித்துக் காட்டுகிறேன். கல்லூரி நாட்களில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நான் படித்த புத்தகங்கள். அன்று ஒரு குறையும் கண்ணில் படவில்லை. இன்று வாய்விட்டு வாசிக்கும்போது ஆங்காங்கே நாக்கு இடறுகிறது.

இப்போது நான்காம் புத்தகத்தில் இருக்கிறோம். அவளுக்குத் தெரியாமல் ஏழாவதை எடுத்துப் புரட்டினேன். மந்திரவாதிகளின் வீடுகளில் அடிமையாக உழைக்கும் எல்ஃப் இனத்தைச் சேர்ந்த டாபி இறக்கிறான். ஹாரி மந்திரத்தை நாடாமல் மண்வெட்டியை எடுத்துத் தன் கையாலேயே குழி தோண்டுகிறான். 'சுதந்திர எல்ஃப்' என்று கல்லில் பொறிக்கிறான். எனக்குத் தொண்டை அடைத்தது. அதே புத்தகத்தில் போர் முடிகிறது, வில்லன் வால்டமோர்ட் ஒழிகிறான். பின்னுரைக்கு முந்தைய கடைசி வாக்கியத்தில் களைத்துப்போன ஹாரி தன் கட்டிலை நினைக்கிறான். அங்கே க்ரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து தருவானா என்றும் நினைக்கிறான். க்ரீச்சர் யார்? வீட்டோடு சேர்த்து உயில்படி ஹாரிக்கு வந்த அடிமை எல்ஃப். அவனை யாரும் விடுவிக்கவில்லை.

60 கோடிப் பிரதிகள் விற்ற தொடர். 80-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்திருக்கிறது. இருந்தும் என் தம்பியால் முதல் புத்தகத்தின் பாதியைத் தாண்ட முடியவில்லை. மனைவியோ, "ஒரு சாண்ட்விச்சுக்கு இவ்வளவு யோசனையா?" என்கிறாள். இந்தத் தொடர் மட்டும் ஏன் ஆட்களை இப்படி இரண்டு கரைகளில் நிறுத்துகிறது? படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 – கருவேப்பிலை

அது சைவச் சாண்ட்விச்சா என்பதை முதலில் விசாரியுங்கள்.

#3 – ஒற்றுப்பிழை

சாண்ட்விச் வரைக்கும் போக வேண்டியதில்லை. உங்கள் தம்பியின் கட்சி நான். நடை சகிக்கவில்லை, அவ்வளவுதான். யாரும் எதையும் வெறுமனே 'சொல்வது' கிடையாது. கோபமாகச் சொல்வார்கள், பதற்றமாகச் சொல்வார்கள், வறட்சியாகச் சொல்வார்கள். ஒவ்வொரு உரையாடலின் வாலிலும் ஒரு வினையடை. தொடரை மனமாரப் பாராட்டிய ஸ்டீபன் கிங்கே இதைக் கிண்டல் செய்திருக்கிறார்.

அமெரிக்க விமர்சகர் ஹரால்ட் ப்ளூம் 2000-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதினார். மூன்றரைக் கோடிப் பேர் தவறாக வாங்கியிருக்க முடியுமா என்பது தலைப்புக் கேள்வி. முடியும் என்பதுதான் பதில். 1857-இல் வந்த டாம் பிரவுன் பள்ளிக் கதையை மந்திரக் கண்ணாடியில் காட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். 2003-இல் நாவலாசிரியர் ஏ. எஸ். பயட் இன்னும் ஒரு படி மேலே போய், இதை விரும்பிப் படிக்கும் பெரியவர்களைப் பார்த்தே முகம் சுளித்தார். பெரியவர்கள் சாய்வு நாற்காலியில் அமர்ந்து இதற்கு விளக்கவுரை எழுதுவதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

#4 – நூலக அட்டை

ஒற்றுப்பிழை ஐயா, ப்ளூமும் பயட்டும் எழுதிய ஆண்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 1997 ஜூனில் முதல் புத்தகம் கெட்டி அட்டையில் 500 பிரதிதான் அச்சானது. அதில் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போயிற்று. அதைப் படித்து யாரும் இலக்கியத்துக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அலறவில்லை. நல்ல பிள்ளைக் கதை என்றார்கள், பரிசும் கொடுத்தார்கள்.

சண்டை தொடங்கியது கூட்டம் சேர்ந்த பிறகுதான். பிரிட்டனின் விட்பிரெட் இலக்கிய விருதின் 1999-ஆம் ஆண்டுச் சுற்றில் மூன்றாம் புத்தகம் ஒட்டுமொத்தப் பரிசையே தட்டிவிடும் போலிருந்தது. எதிரே நின்றது பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்துக்குக் கவிஞர் ஷேமஸ் ஹீனி செய்த மொழிபெயர்ப்பு. நூலிழையில் ஹீனி வென்றார். 2000-ஆம் ஆண்டு ஜூலையில், நான்காம் புத்தகம் வந்த சமயத்தில், நியூயார்க் டைம்ஸ் தன் விற்பனைப் பட்டியலைப் பிரித்துக் குழந்தை நூல்களுக்குத் தனிப் பட்டியல் போட்டது. பொதுப் பட்டியலின் உச்சியில் பாட்டர் மாதக்கணக்கில் உட்கார்ந்துகொண்டு பெரியவர்களின் நாவல்களுக்கு இடம்விடவில்லை என்று பதிப்பாளர்கள் புலம்பியதுதான் காரணம். பந்தியில் பிள்ளைகள் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று தனி இலை போட்டு ஓரமாக உட்காரவைத்தது போல.

ஆக, பாதி எதிர்ப்பு புத்தகத்தின் மேல் வந்தது, மீதி வாசலில் நின்ற வரிசையின் மேல் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இந்தப் பேச்சு நகராது.

மதத் தரப்பு எதிர்ப்பு தனிக் கதை. 2001 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊரில் இந்தப் புத்தகங்களைத் தீயில் போட்டார்கள். பிள்ளைகளுக்குச் சூனியம் கற்றுக்கொடுக்கிறது என்று புகார். 2000 முதல் 2009 வரை அமெரிக்க நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிகம் கேட்கப்பட்ட நூல்களில் இதுவே முதலிடம். அந்தக் கூட்டம் நடையைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#5 – மழைக்காலத் தவளை

நான் இதோடு வளர்ந்தவள். எனவே என் தராசு சாய்ந்த தராசுதான், முன்பே ஒப்புக்கொள்கிறேன்.

நான்காம் புத்தகம் 2000-இல் வந்தது, ஐந்தாவது 2003-இல். அந்த மூன்று ஆண்டு என்ன செய்தோம் தெரியுமா? ஊகித்தோம், சண்டையிட்டோம், பழைய பாகங்களின் முதுகு கிழியும்வரை மறுபடி படித்தோம். 1997-இல் பதினோரு வயதில் இருந்த பிள்ளைக்குக் கடைசிப் புத்தகம் வரும்போது இருபத்தொன்று. புத்தகமும் கூடவே தடித்தது; பிரிட்டிஷ் பதிப்பில் முதலாவது 223 பக்கம், ஐந்தாவது 766. வினையடைகளை எண்ண எங்களுக்கு நேரம் இல்லை ஐயா. கதை ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய ஆளாகி முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கு அந்த அனுபவம் கிடைக்காது. அவருக்குப் பிடிக்காததில் வியப்பில்லை. ஆனால் 'இதைப் பிடித்தவர்கள் வளராதவர்கள்' என்ற பேச்சுதான் எரிச்சலூட்டுகிறது.

#6 – வடக்கு வாசல்

கேள்வி எல்ஃப் பற்றியது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள்.

இரண்டாம் புத்தகத்தில் டாபி அடிபடுகிறான், தன் கைகளைத் தானே இஸ்திரிப் பெட்டியில் வைத்துச் சுட்டுக்கொள்கிறான். ஒரு காலுறையால் விடுதலை கிடைக்கிறது. படிப்பவருக்குக் கண்ணீர் வருகிறது. நான்காவதில் என்ன தெரிகிறது? பள்ளிச் சமையலறையில் நூற்றுக்கு மேற்பட்ட எல்ஃப்கள் கூலியில்லாமல் உழைக்கிறார்கள். நமக்கு இதற்கு ஒரு சொல் இருக்கிறது, கொத்தடிமை. ஹாரியின் தோழி ஹெர்மயனி ஒருத்திதான் கோபப்படுகிறாள், கழகம் தொடங்குகிறாள். ஆசிரியர் அந்தக் கழகத்துக்கு என்ன பெயர் வைத்தார்? எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் வாந்தி என்று பொருள்வரும் பெயர். விடுதலை பெற்ற இன்னொரு எல்ஃப் விங்கி குடித்துச் சீரழிகிறாள். ஐந்தாவதில் ஹெர்மயனி பின்னிவைத்த தொப்பிகளை அவமதிப்பாக எண்ணி மற்ற எல்ஃப்கள் அவள் தங்கும் க்ரிஃபிண்டோர் கோபுரத்தைச் சுத்தம் செய்யவே மறுக்கிறார்கள்.

'அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.' ஹேக்ரிட் உட்பட நல்லவர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். பண்ணையார்கள் எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் சொன்ன வாக்கியம் இது. திரைப்படங்களில் விங்கியும் இல்லை, ஹெர்மயனியின் கழகமும் இல்லை. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கலே தெரியாது.

#7 – மழைக்காலத் தவளை

வடக்கு வாசல், பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் செத்ததற்கு ஒரு காரணம் அவன் க்ரீச்சரைக் கேவலமாக நடத்தியது என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹாரியின் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஏழாவதில் க்ரீச்சரின் கதையைக் கேட்டபிறகு ஹாரியின் பேச்சே மாறுகிறது. போர் நடுவில் ஹாரியின் நண்பன் ரான், சமையலறை எல்ஃப்களை வெளியேற்ற வேண்டும், நமக்காகச் சாகும்படி அவர்களுக்குக் கட்டளையிடக் கூடாது என்கிறான். அப்போதுதான் ஹெர்மயனி ஓடிவந்து அவனை முத்தமிடுகிறாள். ஹெர்மயனி சொன்னதுதான் சரி என்று கதை ஒத்துக்கொள்கிறதே!

#8 – வடக்கு வாசல்

ஒத்துக்கொண்டுவிட்டுச் சாண்ட்விச் கேட்கிறது.

#9 – கணக்கு வாத்தியார்

நான் எல்ஃப் விவகாரத்துக்குள் வரவில்லை. என் துறை மதிப்பெண்.

முதல் புத்தகத்தின் ஆண்டிறுதி விருந்து. பள்ளியின் நான்கு விடுதி அணிகள் எடுத்த மதிப்பெண்: சிலிதரின் 472, ராவன்க்ளா 426, ஹஃபிள்பஃப் 352, க்ரிஃபிண்டோர் 312. கொடியும் தோரணமும் சிலிதரின் நிறத்தில் கட்டியாயிற்று. தலைமையாசிரியர் எழுந்து, 'கடைசி நேரச் சேர்க்கை' என்று ரானுக்கு 50, ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60, நெவிலுக்கு 10 கொடுக்கிறார். கூட்டினால் 482. கைதட்டித் தோரணத்தை மாற்றுகிறார். முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன், எந்தப் பள்ளியிலாவது இப்படி நடந்தால் பெற்றோர் வாசலில் பாய் விரித்துவிடுவார்கள். ஓராண்டு ஒழுங்காகப் படித்து 472 சேர்த்த பதினோரு வயதுப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

துடைப்பத்தில் பறந்து ஆடும் க்விடிச்சும் அப்படித்தான். மூன்று பேர் வியர்த்து விறுவிறுத்துப் பத்துப் பத்தாகப் புள்ளி சேர்ப்பார்கள். ஒருவன் ஒரு சிறு பந்தைப் பிடித்தால் 150, ஆட்டமும் அத்தோடு முடிந்தது.

ஆனால் ஒன்று. என் பேத்திக்கு அந்த விருந்துக் காட்சியை வாசித்தபோது அவள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். அந்த இடத்தில் நான் கணக்குப் பேசவில்லை.

#10 – சாய்வு நாற்காலி

வாத்தியார் ஐயா சொன்னது எனக்குள் எதையோ திறந்துவிட்டது. மூன்று நாளாக யோசித்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

முதல் மூன்று புத்தகங்கள் கேலிக்கதைகள். அதில் அநியாயம்தான் வேடிக்கை. அனாதைப் பிள்ளையை மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் படுக்கவைப்பார்கள், பெரியம்மாவின் பிள்ளை பன்றிவால் முளைத்து ஓடுவான், தலைமையாசிரியர் கடைசி நேரத்தில் கணக்கை மாற்றுவார். இதில் நியாயம் கேட்பது தெனாலிராமன் கதையில் அரசியல் சட்டம் கேட்பது போல. நான்காம் புத்தகத்தின் முடிவில் ஒரு மாணவன் செத்து விழுகிறான். அங்கிருந்து இது வேறு வகைக் கதை. இனவெறி, சித்திரவதை, அரசாங்கப் பொய், எல்லாம் வருகின்றன. தப்பில்லை. ஆனால் ஆசிரியர் வீடு மாறியபோது பழைய தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பழைய வீட்டில் சிரிக்கவைத்த பொருள் புது வீட்டில் வேறு மாதிரி தெரிகிறது.

நேற்று இரவு வாசித்த பகுதியையே சொல்கிறேன். க்விடிச் உலகக்கோப்பைக்காகக் கூடாரம் அடிக்கும் மைதானம். அதை நடத்துபவர் ராபர்ட்ஸ், மந்திரம் அறியாத சாதாரண ஆள். விசித்திரமான கூட்டத்தைக் கண்டு அவர் சந்தேகப்படும்போதெல்லாம் அமைச்சக ஆள் ஒருவர் மந்திரக்கோலை வீசி அவர் நினைவை அழிக்கிறார். ஒரு நாளைக்குப் பத்து முறை தேவைப்படுகிறது என்று அலுத்துக்கொள்கிறார். மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அதே இரவு முகமூடிக் கும்பல் அந்த ராபர்ட்ஸையும் அவர் மனைவி குழந்தைகளையும் வானத்தில் தொங்கவிட்டுப் பம்பரமாகச் சுழற்றுகிறது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை, மறுபடி நினைவை அழித்தபின், ஆகஸ்ட் மாதத்தில் அவர் நம் ஆட்களுக்கு 'கிறிஸ்துமஸ் வாழ்த்து' சொல்லி வழியனுப்புகிறார். இங்கே சிரிக்க வேண்டுமா? ஆசிரியர் சிரிக்கச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. மகள் சிரிக்கவில்லை. "அவருக்குத் தன் வீட்டுக்கு என்ன ஆனது என்றே தெரியாதா அப்பா?" என்று கேட்டாள்.

கெட்டவர்கள் அவரை உடலால் பொம்மையாக்கினார்கள். நல்லவர்கள் மூளையால் பொம்மையாக்கினார்கள். புத்தகம் ஒன்றைக் கொடுமை என்கிறது, மற்றதை அலுவலக நடைமுறை என்கிறது.

பிடித்தவர்கள் பழைய வீட்டு நினைவோடு புது வீட்டுக்குள் நுழைகிறார்கள். பிடிக்காதவர்கள் புது வீட்டு வெளிச்சத்தில் பழைய சாமானைப் பார்க்கிறார்கள். தவளை சகோதரி பத்து ஆண்டில் நடந்து கடந்த தூரத்தை இன்றைய பிள்ளைகள் சில மாதங்களில் கடந்துவிடுகிறார்கள். இரண்டு வீடும் அடுத்தடுத்துத் தெரிகின்றன.

#11 – நூலக அட்டை

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அர்சலா லெ குவின் 2004-இல் கார்டியனில் இதற்கு அருகில் ஒன்றைச் சொன்னார். துடிப்பான சிறுவர் மாயக்கதையும் பள்ளிக்கூட நாவலும் கலந்த ஒன்று, அந்த வயதுக்கு நல்ல தீனி, ஆனால் நடை சாதாரணம், கற்பனை இரவல், அறநோக்கில் சற்றே குறுகிய மனம் என்பது அவர் மதிப்பீடு. அவருடைய எர்த்ஸீ வரிசையில் 1968-லேயே மந்திரவாதிகளின் பள்ளி வந்துவிட்டது, அதனால் சொல்கிறார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் 'குறுகிய மனம்' என்பது கேலிக்கதையின் குணம். குண்டுப்பையன் என்றால் சிரிப்பு, பல் துருத்தினால் சிரிப்பு. பழைய ஆங்கில விடுதிப்பள்ளிக் கதைகளின் சொத்து அது. எனிட் பிளைட்டன் படித்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய வாசனைதான்.

#12 – மழைக்காலத் தவளை

மறுக்க வந்தேன். மறுக்க முடியாமல் இன்னொரு சான்று தருகிறேன், என்ன கொடுமை!

ஆறாம் புத்தகம். ரானின் அண்ணன்களான வீஸ்லி இரட்டையர் தங்கள் கடையில் பெண்பிள்ளைகளுக்கு வசிய மருந்து விற்கிறார்கள். ஹாரிக்காக ஒருத்தி மருந்து வைத்த சாக்லேட்டை ரான் தின்றுவிட்டு உளறுவது தொடரிலேயே எனக்கு மிகப் பிடித்த நகைச்சுவைக் காட்சிகளில் ஒன்று. அதே புத்தகத்தில்தான் வால்டமோர்ட்டின் தாய் மெரோப்பியின் கதை வருகிறது. அவள் பக்கத்துப் பண்ணையார் மகனுக்கு மருந்து வைத்துத்தான் மயக்கியிருப்பாள் என்று டம்பிள்டோர் ஊகிக்கிறார். மயக்கம் தெளிந்ததும் அவன் ஓடிவிடுகிறான், பிள்ளை அனாதை விடுதியில் பிறக்கிறது. அதே மருந்து! ஓர் அத்தியாயத்தில் கடைச் சரக்கு, இன்னோர் அத்தியாயத்தில் உலகப் பேரழிவின் விதை. பதினாறு முறையாவது படித்திருப்பேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

ஆனாலும் இதை நான் முழுக் குறையாக எண்ணவில்லை. மாடிப்படி அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதில் டம்பிள்டோர், பத்து இருண்ட ஆண்டுகளுக்கு உன்னைத் தண்டிக்கிறேன் என்று தெரிந்தேதான் அந்த வீட்டு வாசலில் விட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார். முதல் புத்தகத்தின் வேடிக்கைக்கு அங்கே கணக்குத் தீர்க்கப்படுகிறது. சில சாமான்களை அவர் துடைத்துத்தான் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் துடைக்கவில்லை, அவ்வளவுதான்.

#13 – ஒற்றுப்பிழை

துடைக்காத சாமானில் முதலாவது ஸ்நேப். மூன்றாவதில் ஹாரியோடு படிக்கும் நெவிலின் ஆழ்மன பயம் எதுவென்று மாயப்பிராணி காட்டுகிறது. அந்தப் பிள்ளையின் பெற்றோரைச் சித்திரவதை செய்து பைத்தியமாக்கியிருக்கிறார்கள்; அவர்களைச் சிதைத்தவர்கள் வரவில்லை, வேதியியல் வாத்தியார் போல ஒருவர் வருகிறார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு ஆசிரியர். அவர் பெயரைத்தான் ஹாரி தன் மகனுக்கு வைக்கிறான்!

#14 – மழைக்காலத் தவளை

அவர் உயிரைப் பணயம் வைத்து ஒற்றராக இருந்தார். அதன் காரணத்தை இறக்கும்வரை டம்பிள்டோரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. நல்லவர் என்று சொல்லவில்லை, துணிச்சல்காரர் என்றுதான் ஹாரி சொல்கிறான்.

#15 – வடக்கு வாசல்

இறந்துபோன ஹாரியின் தாயை நேசித்ததால் உயிரோடிருக்கும் பிள்ளைகளை வதைக்கலாம் என்பது என்ன நியாயம்? அது காதலே இல்லை,

#16 – நெறியாளர்

ஸ்நேப் பற்றி ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது, இன்னும் முடியவில்லை. அங்கே போய்ச் சண்டையிடுங்கள். 15-ஆம் பதிவின் இரண்டாம் பாதியை நீக்கியிருக்கிறேன்.

#17 – பனங்கிழங்கு

புதிதாகச் சேர்ந்தவன். இவ்வளவு பேசியும் ஆசிரியரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. 2020 ஜூனில் பால் அடையாளம் பற்றி ரௌலிங் எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பிறகு திருநர் வாசகர்கள் பலர் இந்தத் தொடரிலிருந்து விலகினார்கள். மூன்று முதன்மை நடிகர்களும் அவர் கருத்திலிருந்து விலகி நின்றார்கள். பெண்களின் பாதுகாப்புக்காகப் பேசினார் என்று அவரை ஆதரித்தவர்களும் அநேகம். இன்றைக்கு இந்தத் தொடர் பிடிக்கும் பிடிக்காது என்று பேசுபவர்களில் பாதிப் பேர் பேசுவது இதைத்தான். என் தோழி ஒருத்தி ஏழு புத்தகங்களையும் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டாள். தூக்கிப் போடவும் மனமில்லை, அலமாரியில் வைக்கவும் மனமில்லை.

#18 – நூலக அட்டை

நியாயமான கேள்வி. நான் தவிர்த்ததற்குக் காரணம், சாய்வு நாற்காலியின் உறுத்தல் புத்தகத்துக்கு உள்ளே இருந்து வருகிறது. 2020 நடக்காமல் போயிருந்தாலும் அந்தச் சாண்ட்விச் அங்கேயேதான் இருந்திருக்கும்.

ஆனால் ஒரு தொடர்பு உண்டு. ரௌலிங் புத்தகத்தை முடித்த பிறகும் பேனாவை மூடவில்லை. 2007 அக்டோபரில் நியூயார்க்கில் டம்பிள்டோர் தன்பாலீர்ப்பு உடையவர் என்றார். ஏழு புத்தகத்திலும் அதை வெளிப்படையாகச் சொல்லும் ஒரு வரி இல்லை. 2014-இல் ரானையும் ஹெர்மயனியையும் சேர்த்துவைத்தது தன் ஆசைக்காகத்தான் என்றார். 2016-இல் வட அமெரிக்க மந்திர வரலாறு என்று எழுதி, நவஹோ பழங்குடி மக்களின் நம்பிக்கைகளை எடுத்தாண்டதற்காக அந்த மக்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். கட்டி முடித்த வீட்டுக்குள் கொத்தனார் கரண்டியோடு தினமும் வந்தால் குடியிருப்பவர்களுக்கு அவர் முகம் நினைவில் இருந்துகொண்டேதான் இருக்கும். அவரை மறந்துவிட்டுப் படியுங்கள் என்று உங்கள் தோழியிடம் நான் எப்படிச் சொல்வேன்?

#19 – ஒற்றுப்பிழை

கட்டிவைத்த பெட்டியை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வினையடைகளை அடித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.

#20 – சாய்வு நாற்காலி

ஏழு வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

நேற்று இரவு முடித்துவிட்டோம். சாண்ட்விச் வரியை வாசிக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்தினேன், மகள் ஏதாவது சொல்வாள் என்று. "ம், படிங்க" என்றாள். அவளுக்கும் பசித்திருக்கும் போல.

விளக்கை அணைத்தபிறகு இருட்டில் கேட்டது வேறு. லூபினும் அவர் மனைவி டாங்ஸும் போரில் செத்துப்போனார்களே, அந்த டெடி குழந்தையை யார் வளர்த்தார்கள்? அவனையும் எங்கேயாவது வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்களா? பின்னுரையில் அவன் பெரியவனாக வருகிறான் என்பது நினைவிருந்தது. நடுவில் என்ன ஆனது என்று எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்முன் பதில் வேண்டுமாம்.

#21 – மழைக்காலத் தவளை

அம்மாவைப் பெற்ற பாட்டி ஆண்ட்ரோமெடா இருக்கிறாள், அவள் வளர்த்தாள் என்று சொல்லுங்கள். ஹாரிதான் அவனுக்கு ஞானத்தந்தை. பின்னுரையில் டெடி வாரத்துக்கு நான்கு நாள் ஹாரி வீட்டுக்குத்தான் சாப்பிட வருகிறான்.

#22 – கருவேப்பிலை

அங்கே சமைப்பது யார் என்று மட்டும் குழந்தை கேட்டுவிடக் கூடாது.